பனை மரம் போட்ட படப் புத்தகம் இருக்கா, அண்ணாச்சி?

பனிமனிதன் படம் போட்ட புத்தகம் வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் கேட்காமலேயே எடுத்துத் தருகிறார்கள். பனை மரம் போட்டது கேட்டால்தான் முழிக்கிறார்கள். மகனுக்கு நாலு வயது முடிந்த சமயம் ஒரு கடையில் போய் நின்று, தமிழில் படப் புத்தகம் வேணும், நம்ம பக்கத்து ஆட்கள் எழுதினதாக இருந்தால் இன்னும் நல்லது என்றேன். அண்ணாச்சி ஏணி போட்டு ஏறி, மேல் தட்டில் துழாவி, ஒரு கட்டைத் தூசி தட்டிக் கீழே போட்டார். ஆத்திசூடி, நீதிக் கதைகள், பழங்கள் சார்ட் ஒன்று. "தமிழ்ல இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாவக்கா, இங்கிலீஷ்ல வேணும்னா நெறைய கெடக்கு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் கேட்டால்தானே அவர் வாங்கி வைப்பார்.

அன்றைக்கு ஆரம்பித்து இந்த ஒரு வருஷத்தில் முப்பது புத்தகம் போல எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருக்கும். பாதி காசு கொடுத்து வாங்கியது, மீதி நூலகத்தில் எடுத்ததும், இணையத்தில் இறக்கி ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டதும். மூணு வயதிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைகள் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதிவிடுகிறேன். தீர்ப்பு பெரும்பாலும் மகனுடையது. பிடிக்காத புத்தகத்தை அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான், தேடினால் "எனக்குத் தெரியாது"ம்பான்.

வாங்குவதற்கு முன்னால் நான் செய்வது ஒன்றுதான். கடையிலேயே நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். வெட்கப்பட்டால் வேலைக்கு ஆகாது. நாக்கு இடறினால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. "சிறுவன் மகிழ்ச்சியுடன் துள்ளிக் குதித்தவாறு தன் இல்லம் நோக்கி ஓடினான்" என்று நாலு வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாய் பேசுவாள்? அதற்காக அச்சில் முழுக்க நெல்லைப் பேச்சே இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "யானை வந்துவிட்டது" என்று இருந்தால் போதும், படிக்கும்போது "யானை வந்துட்டு" என்று நானே மாற்றிக்கொள்வேன். அப்படி மாற்ற இடம் கொடுக்கிற சின்னச் சின்ன வாக்கியமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்ம ஆட்கள் நேராகத் தமிழில் யோசித்து எழுதினதற்கும், வேறு மொழியில் இருந்ததை யாரோ அவசரமாக மாற்றினதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இனி புத்தகங்கள். எங்கள் வீட்டில் அட்டை கிழிந்து, முதுகு பிரிந்து, ஆச்சி சாக்கு ஊசியால் நூல் போட்டுத் தைத்துக் கொடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பது 'கஜபதி குலபதி'. அசோக் ராஜகோபாலன் எழுதி அவரே படமும் வரைந்தது, சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. பெரிய யானை, அதற்குப் பெரிய சளி, அதைவிடப் பெரிய தும்மல். கதை இவ்வளவுதான். ஆனால் நெல்லையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் நாங்கள் தேடிப் போகாத ஒரு விஷயம் கிடைத்தது.

நெல்லையப்பர் கோவில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் செத்துப்போனது. வயது 56. ஊரே திரண்டு போய் அழுதது. நடக்கும்போது கால் வலிக்கிறதென்று 2022இல் பக்தர்கள் அதற்குத் தோல் செருப்பு செய்து போட்டிருந்தார்கள், அந்தச் செருப்பைப் பார்க்கவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனவர்கள் உண்டு, நானும் போனேன். அப்புறம் யானை இல்லை என்றாகிவிட்டது. மூணரை வயதுப் பிள்ளைக்குச் சாவை எப்படிச் சொல்ல? சாமிகிட்ட போயிட்டு என்று சொன்னால், சாமி அங்கனதானே இருக்கு, யானை எங்க என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவைத்திருந்த நேரத்தில்தான் இந்தப் புத்தகம் வந்தது. முதல் பக்கம் திருப்பினதும் படத்தில் விரலை வைத்து "காந்திமதி" என்றான். இல்லல, இவன் பேரு கஜபதி என்றேன். "இல்ல, காந்திமதிக்குத்தான் சளி பிடிச்சிட்டு." சரி என்று நானும் பேரை மாற்றிப் படித்தேன். பாதியில் நிறுத்தி, யானைக் காலைக் குனிந்து குனிந்து பார்த்தான். "செருப்பு எங்கம்மா?" மறுநாள் பார்த்தால் நாலு காலுக்கும் பிரவுன் கிரேயானில் செருப்பு வரைந்து வைத்திருக்கிறான், வார் முதற்கொண்டு. வேறு எந்தப் புத்தகத்தில் கிறுக்கியிருந்தாலும் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். தும்மல் வருகிற பக்கத்தில் ஆச்சியும் சேர்ந்து தும்ம வேண்டும், அது வீட்டுச் சட்டம். இதுவரை எத்தனை தடவை படித்தோம் என்று கணக்கில்லை.

தூலிகாவைப் பற்றி இன்னொன்று. ஒன்பது மொழிகளில் போடுகிறார்கள், தமிழ் மட்டும் உள்ளதும் உண்டு, பக்கத்துக்குப் பக்கம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வருகிற இருமொழிப் பதிப்பும் உண்டு. வீட்டில் தாத்தா தமிழில் படிக்க, அப்பா ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இருமொழி சரிதான். எனக்குத் தமிழ் மட்டும் உள்ளதே பிடிக்கும். பொதுவாகவே இருமொழிப் புத்தகம் என்றால் ரெண்டு எழுத்தையும் ஒரே பக்கத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது, படம் மூச்சுத் திணறுகிறது. படிப்பது நாமாக இருந்தாலும் பார்ப்பது அவன் இல்லையா. விலை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், இருநூறு ரூபாய்க்கு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு முடியாது என்கிறவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் இருக்கிறது. 1957இல் மத்திய அரசு தொடங்கியது, நேரு பால புஸ்தகாலயம் என்ற வரிசையில் தமிழிலும் படப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள், விலை குறைவு. தாளும் அச்சும் பழைய பாணி, ஆனால் சில படங்கள் அடேயப்பா என்று இருக்கும். புத்தகத் திருவிழாவில் அவர்கள் கடையைத் தாண்டிப் போகாதீர்கள்.

காசே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர். 2015இல் ஆரம்பித்த இணையதளம், தமிழில் ஏராளமான படக்கதைகள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பிரிண்ட் போடவும் தடையில்லை. வாசிப்பு நிலை என்று நான்கு பிரித்திருக்கிறார்கள், நாலு வயதுக்கு முதல் நிலை போதும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழ் ஒரே சீராக இருக்காது, நான் சொன்ன வாய்விட்டுப் படிக்கும் சோதனை இங்கேதான் ரொம்ப உதவும். தமிழிலேயே எழுதப்பட்டதா, மொழிபெயர்ப்பா என்று கதைக்கு உள்ளேயே போட்டிருப்பார்கள், பார்த்து எடுங்கள். போனில் காட்டாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். போனில் காட்டினால் அடுத்த நிமிஷம் கார்ட்டூன் கேட்பான். பிரிண்ட் போட்டு, நடுவில் ரெண்டு பின் அடித்துக் கையில் கொடுத்தால் அது அவன் புத்தகம்.

இப்போது நம்ம மண்ணுக்கு வருகிறேன், கொஞ்சம் மனக்குறையோடுதான். நெல்லைச் சீமை என்றதும் எல்லாரும் சொல்வது கி. ராஜநாராயணன். இடைசெவல்காரர், 1986இல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும் வரை இடைசெவலும் கோவில்பட்டியும் நெல்லை மாவட்டம்தான், அதனால் உரிமையோடு நம்ம ஆள் என்றே சொல்வேன். கரிசல் சொற்களுக்கு அகராதியே போட்டவர். பறவைகளுக்குப் பின்னால் அலைகிற கிராமத்துப் பையனைப் பற்றி 'பிஞ்சுகள்' என்று ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார், அருமையான புத்தகம், ஆனால் அது படப் புத்தகம் இல்லை, பத்து வயதாவது ஆகட்டும். கோவில்பட்டி உதயசங்கரும் அப்படித்தான். 'ஆதனின் பொம்மை'க்கு 2023இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் வாங்கினவர், கீழடியைச் சிறுவர் நாவலாக்கியவர். அக்கா மகள் ஆறாம் வகுப்பு, அவள் ஒரே நாளில் முடித்தாள். என் மகன் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். தப்பு அவன்மேலும் இல்லை, புத்தகத்தின் மேலும் இல்லை.

ஆக, கரிசலும் தாமிரபரணியும் எழுதத் தெரிந்த கைகளைக் கொடுத்திருக்கிறது, அதைப் பக்கத்துக்குப் பக்கம் வரைந்து நாலு வயதுக்காரன் மடியில் போடுகிற வேலைதான் குறைவாக நடந்திருக்கிறது. கூந்தன்குளத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போனோம். மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது, கீழே ஆச்சிமார் எச்சத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். குளத்துத் தண்ணியில் பறவை எச்சம் கலந்திருப்பதால் வயலுக்கு நல்லது என்று சொல்கிறார்கள். இதைவிட ஒரு படப் புத்தகத்துக்கு என்ன வேண்டும்? ஒரு பக்கத்தில் மேலே நாரை, கீழே ஆச்சி. தேடினேன், என் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பதநீர் இறக்குவது, பத்தமடையில் கோரையை நெய்வது, குத்தாலத்துச் சாரல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கடைசியில் என் தம்பி மனைவி, நன்றாக வரைவாள், எட்டுப் பக்கத்தில் ஒன்று செய்து கொடுத்தாள். பனங்கிழங்கு எப்படி வருகிறது என்பதுதான் கதை. நுங்கு, பழம், பனங்கொட்டையை மண்ணில் புதைப்பது, கிழங்கு, அவித்துத் தின்பது. கடைசிப் பக்கத்தில் கிழங்கின் நாரை இழுக்கிற ஒரு பிள்ளை, வாயெல்லாம் நார். கதையில் ஒரு திருப்பமும் இல்லை, ஆனாலும் கஜபதிக்கு அடுத்தபடி அதுதான் கேட்கப்படுகிறது. உங்கள் வீட்டில் வரைகிற சித்தியோ அத்தையோ இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

தேறாதவை பற்றியும் சொல்ல வேண்டுமே. கடைசிப் பக்கத்தில் "நீதி:" என்று கட்டம் கட்டிப் போடுகிற புத்தகங்கள். எங்கள் ஊர் எழுத்தாளர் எழுதியது என்று ஆசையாக வாங்கின ஒன்றில் எறும்பு உழைக்கிறது, வெட்டுக்கிளி சோம்பேறி, நீதி, முடிந்தது. படித்து முடித்ததும் மகன் கேட்டான், "நீதின்னா யாரும்மா? எல்லாக் கதையிலயும் கடைசிலதான் வாரா." நம்ம ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள் என்பது அன்றைக்குப் படித்த பாடம். இன்னொன்று, கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டின படங்கள். கதையில் கிணறு, படத்தில் ஓட்டுக் கூரை போட்ட வெளிநாட்டுக் கிணறு. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பனிமனிதன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் வாங்கிக் கொடுத்த சோவியத் நாட்டுப் புத்தகங்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியையும் கரடியையும் பார்த்ததில் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. பனியோடு பனையும் இருக்கட்டும் என்கிறேன்.

எங்கே கிடைக்கும் என்றால், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் பாருங்கள், எடுத்து வந்து பிள்ளைக்குப் பிடித்ததா என்று தெரிந்தபின் வாங்கலாம். பொருநை புத்தகத் திருவிழா நடக்கிற சமயத்தில் சிறுவர் புத்தகம் போடுகிற பதிப்பகங்கள் ஒரே இடத்தில் வந்துவிடும், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், வானம் பதிப்பகம் எல்லாம் பார்க்கலாம். சனி ஞாயிறு போகாதீர்கள், நின்று படிக்க இடம் இருக்காது. பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வகுப்பில் இருக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள். 2023இல் வந்த திட்டம், நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னப் புத்தகங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டு வந்ததைப் பார்த்தேன், தமிழ் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

போன வாரம் அதே கடைக்கு நோட்டு வாங்கப் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கல்லாவுக்குப் பின்னால் இருந்து தமிழ்ப் படப் புத்தகம் ரெண்டு எடுத்துக் காட்டினார். அஞ்சு வரவழைத்தாராம். "மூணு வித்துட்டுக்கா" என்றார். அதில் ரெண்டு என் மைனி வாங்கினது என்று நான் சொல்லவில்லை.