தரங் சஞ்சார்: டவர் கதிர்வீச்சை அளக்க 4,000 ரூபாய் தகுமா?

தொண்டி முதல் தங்கச்சிமடம் வரை, எதிர்வீட்டு மாடியில் டவர் எழும்பியதும் ஆன்லைனில் கைமீட்டர் தேடுவோர் உண்டு. அந்தக் காசைச் செலவழிக்கும் முன் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தைத் திறந்து பாருங்கள். 2017 மே மாதம் வந்தது. வரைபடத்தில் உங்கள் ஊர் டவரைத் தொட்டால், அது வரம்புக்குள் இருக்கிறதா என்று காட்டும். முழு விவரம் கேட்டால் மின்னஞ்சலில் வரும். இந்த அளவுக்கு எல்லாம் இலவசம்.

நேரில் அளக்கவேண்டுமென்றால் கட்டணம், அறிமுகத்தின்போது அறிவித்தபடி, 4,000 ரூபாய். துறையின் களப்பிரிவு வரும், நீங்கள் கூட நிற்கலாம், அறிக்கையும் தருவார்கள். ஒரு வீட்டுக்கு இது கனம்தான். தெருவே சேர்ந்து கட்டினால் தகும்.

இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். டவர் அடிவாரத்தில் அளப்பது வீண். 30 மீட்டர் உயர ஆன்டெனா 6 டிகிரி கீழே சாய்ந்திருந்தால், அது அனுப்பும் அலைக்கற்றையின் மையம் தரையைத் தொடுவது சுமார் 285 மீட்டர் தள்ளித்தான். ஆன்டெனா உயரத்துக்கு நேர் எதிரே மாடியறை இருந்தால் அங்கே அளக்கச் சொல்லுங்கள்.

2012 செப்டம்பரில் இந்தியா சர்வதேச வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-ல் 0.9. மலிவு மீட்டரில் இதே 0.45, மில்லிவாட்டில் 450 என்று நிற்கும், பார்த்தவர் பதறுவார். வைஃபை ரூட்டரும் சட்டைப்பை போனும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். ஒரு திசையை மட்டும் அளக்கும் கருவியென்றால், கையைத் திருப்பினாலே எண் மாறும். வாங்காதீர்கள்.

புற்றுநோய் பயத்துக்குக் காரணம் 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. 'ஏற்படுத்தக்கூடும், சான்று போதாது' என்பதே அதன் பொருள். முழுக் கற்றாழை இலைச் சாறும் பின்னர் அதே பிரிவில் சேர்ந்தது.

தளத்தில் பெரிய குறை, டவர் ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் எங்கும் பதிவாகாதது. தூக்கம் கெடுவதற்கு அதுவே நேரடிக் காரணமாக இருக்கலாம்.

கையிலுள்ள போனும் அந்தத் தளத்தில் வராது. பாம்பனிலிருந்து படகு விலக விலக சிக்னல் தேயும். அதை ஈடுகட்ட 4ஜி போன் தன் சக்தியை உச்சமாக 200 மில்லிவாட் வரை ஏற்றும், அதுவும் காதோரம். *#07# அடித்து எஸ்ஏஆர் (போனின் அலையை உடல் உறிஞ்சும் அளவு) பாருங்கள். இந்திய வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். கடலில் ஸ்பீக்கரில் பேசுங்கள்.