வெளியூர்ப் போர்: பிபிசியா, அல் ஜசீராவா, ஆர்டியா?

யாழ்ப்பாணத்தவருக்குப் போர்ச் செய்தி கேட்பது பழகிப்போன வேலை. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பிபிசியின் தமிழோசை கேட்ட ஊர் இது. அந்த வானொலிச் சேவை 2017இல் நின்றது. இப்போது காசாவும் உக்ரேனும் கைபேசிக்கே வருகின்றன.

சம்பவ இடத்தில் சொந்த ஆள் நிற்கிறாரா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 2009இல் வன்னிக்குள் சுயாதீனச் செய்தியாளர்களை விடவில்லை. கொழும்பு சொன்ன கணக்குத்தான் முதலில் வெளியே போனது. காசாவுக்குள்ளும் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தாமாகப் போக 2023 ஒக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல் விடவில்லை. அங்கே அல் ஜசீராவுக்குத்தான் என் வாக்கு. அதன் காசாப் பணியகத் தலைவராக இருந்த வாயெல் அல் தஹ்தூஹ், மனைவி, மகன், மகள், பேரன் எல்லோரையும் குண்டுவீச்சில் இழந்த பிறகும் கமராவுக்கு முன்னால் வந்து நின்றார். ஆனால் அந்தச் சனலுக்குக் காசு கொடுப்பது கட்டார் அரசு. கட்டாருக்கு வேலைக்குப் போன நம் பெடியங்களின் நிலைமையை அறிய அதை நம்பி உட்காரமாட்டேன்.

பிபிசி தள்ளி நின்று பேசும், சில நேரம் எரிச்சல் வரும் அளவுக்கு. 2023 ஒக்டோபர் 17 காசாவின் அல் அஹ்லி மருத்துவமனை வெடிப்பில் அதன் நிருபர் நேரலையிலேயே இஸ்ரேலைச் சுட்டும் தொனியில் ஊகித்தார்; ஊகித்தது தவறு என்று பிறகு நிறுவனமே சொன்னது. அல் ஜசீராவோ, பாலஸ்தீன ரொக்கட் ஒன்று தவறி விழுந்தது என்ற இஸ்ரேலின் விளக்கத்தை மறுத்துத் தானே காணொளி ஆய்வு வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் யார் எங்கே சறுக்குவார்கள் என்று பிடிபடும். சரி, பிபிசியும் உள்ளூர் ஆட்களின் தோளில்தான் நின்றது. இங்கிருந்து அதற்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார்.

ரஷ்ய அரசின் சனலான ஆர்டிக்கு இங்கே ரசிகர்கள் உண்டு. மேற்கின் இரட்டை வேடத்தை அது குத்திக்காட்டும்போது பல நேரம் சரியாகத்தான் இருக்கும். அதன் சொந்தப் போர் என்று வந்தால் கதை வேறு. 2022 ஏப்ரலில் உக்ரேனின் புச்சா நகரத் தெருவில் கிடந்த உடல்கள் எல்லாம் நாடகம் என்றது மொஸ்கோ. ஆர்டியும் அதையே ஒப்பித்தது. ரஷ்யப் படை அங்கிருந்த மார்ச் மாதச் செய்மதிப் படங்களிலேயே உடல்கள் தெரிகின்றன. 2012இல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இலங்கை மீதான தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த நாடு ரஷ்யா என்பதையும் ரசிகர்கள் ஒருக்கா நினைக்கலாம்.

இந்தியச் சனல்களைப் போட்டியில் சேர்க்கவே இல்லை. 2025 மே மாதம் இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று அவற்றில் பல இரவிரவாகக் கத்தின. துறைமுகம் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தது.