குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை: சிறையில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கடைக்கார அக்காவே வேண்டாம் என்றார். "செயில் காரியத்துக்கு இங்க வாங்கன்னு நீ எழுதிப் போட்டா, பொறவு ஒரு போட்டோ எடுக்க ஏறி வாறவளையும் ரோட்டுல நிக்கியவன் அப்பிடித்தான் பாப்பான்" என்றார். நியாயம்தான். கருங்கல் சந்தையிலிருந்து நடக்கிற தூரம், மாடிக்கடை, வாசலில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ என்று ஒரு மங்கின போர்டு. தேவைப்பட்டவர்கள் இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

என் தம்பி பாளையங்கோட்டை மத்திய சிறையில் தண்டனைக் கைதி. அவன் பெண்டாட்டி அதற்கு முன்னாலேயே இறந்துபோனாள். பிள்ளைகள் இரண்டும் என்னிடம்தான். மூத்தவள் ஏழாம் வகுப்பு, இளையவன் இரண்டாம் வகுப்பு. எனக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் எடுக்கிற வேலை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

முதலில் வேறொரு கடைக்குப் போயிருந்தேன். சிறையில் பார்க்க ஆன்லைனில் பதியணும் என்றதும் அங்கே இருந்த பையன் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்ன கேஸ்? வெட்டுக் குத்தா?" என்றான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது மூத்தவளோடு படிக்கிற பிள்ளையின் அம்மா. அந்த வாரம் முழுக்க மூத்தவள் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சோறு தின்றாள்.

இந்த அக்கா அதைக் கேட்பதில்லை. சிறைச் சந்திப்புக்கு ஆன்லைனில் பதிகிற ஈ-முலாகாத் ஃபாரத்தில் பார்க்க வருகிறவர் விவரம், அடையாள அட்டை நம்பர், எந்த மாநிலம், எந்தச் சிறை, உள்ளே இருப்பவரின் பெயர், அவர் அப்பா பெயர், வயது, என்ன உறவு என்று வரிசையாகக் கேட்கிறது. அக்காவும் அதை மட்டும் அந்த வரிசையிலேயே கேட்டார். நேரில் பார்ப்பதா, வீடியோவிலா என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும். மெயில் இல்லை என்றேன். ஒன்று உண்டாக்கி, பாஸ்வேர்டை ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டார். பரிதாபமாக ஒரு "அய்யோ" கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆள் கொஞ்சம் கடுகடுப்புதான். எனக்கு அது எவ்வளவோ நிம்மதி.

நேரில் போவதென்றால் கருங்கலில் பஸ் ஏறி நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து வடசேரி, வடசேரியில் இடையில் நிற்காத திருநெல்வேலி எண்ட் டு எண்ட் பஸ், இறங்கி மறுபடி டவுன் பஸ். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு, எனக்குக் கூலி போச்சு. அனுமதி வந்துவிட்டால் வீடியோவில் இந்தத் தொல்லை இல்லை. கடையின் உள்மூலையில் பிளைவுட் தட்டி அடித்து, ஒரு திரை தொங்கவிட்டு, நாற்காலி போட்டிருக்கிறார். என்னிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் அவருடைய கம்ப்யூட்டரில்தான் பேசுகிறோம். பதிவுக்கு அரசாங்கம் காசு வாங்குவதில்லை. டைப் அடித்து பிரிண்ட் எடுக்க இவர் 30 ரூபாய் வாங்குகிறார், உட்கார்ந்து பேச 50. ஓசியில் செய்திருந்தால் இரண்டாம் தடவை அங்கே போக எனக்குக் கால் வந்திருக்காது.

நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம். படம் அடிக்கடி உறைந்து நிற்கும். இளையவனிடம் அப்பா சவுதியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் ஊரில் பாதி அப்பாமார் அங்கேதானே, பிள்ளைக்குச் சந்தேகம் வராது என்று நினைப்பு. வெள்ளைச் சட்டையில் அப்பாவைத் திரையில் பார்த்தவன், "அப்பா, அங்க ஏசி உண்டா?" என்று கேட்டான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அக்கா திரைக்கு வெளியிலிருந்து, "மக்களே, நீ வரைஞ்ச வள்ளத்த அப்பாக்குக் காட்டல்லியா?" என்றார். அன்றைக்கு ராத்திரியே பையனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுதான், பிறகு தூங்கினான். காலையில் "அங்க கொசு உண்டா?" என்று கேட்டான்.

நாலரை நட்சத்திரம் கொடுப்பது இன்னொன்றுக்காக. ஃபாரம் அடிக்கும்போதே அம்மா இல்லை, அப்பா உள்ளே, பிள்ளைகள் அத்தையிடம் என்று கவனித்து, அன்புக்கரங்கள் திட்டத்துக்குப் போடச் சொன்னது அவர்தான். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கின திட்டம் அது. அம்மா, அப்பா இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தாலும் உண்டாம். 18 வயது வரைக்கும் மாதம் 2,000 ரூபாய். ரேஷன் கார்டு, பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பிள்ளை பெயரில் பாங்க் பாஸ்புக்.

பாஸ்புக்கில்தான் இழுத்தது. பாங்கில் அப்பா கையெழுத்து இல்லாமல் ஆகாது என்றார்கள். பத்து வயது ஆன பிள்ளை தானே கணக்கு தொடங்க வங்கிகள் விடலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை அக்கா பிரிண்ட் எடுத்துத் தந்தார். "சண்டைக்கு நிக்காத. இத மேசையில வச்சிட்டு சும்மா நில்லு." மூத்தவளுக்குக் கணக்கு ஆகிவிட்டது. இளையவனுக்கு அப்பா கையெழுத்து வேண்டும். அதற்குச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதி அனுப்பியிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

சுவரில் 1098, 15100 என்று இரண்டு நம்பர் பெரிதாக ஒட்டியிருக்கும். முதலாவது பிள்ளைகளுக்கான உதவிக்கு, இரண்டாவது இலவச சட்ட உதவிக்கு. காவலில் இருக்கிற யாருக்கும் இலவச வக்கீல் உண்டு என்று 1987ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறதாம். மதுரையில் அப்பீலுக்கு வக்கீல் வைக்க வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பினவள் நான். இப்போது வளையல் கையில்தான் கிடக்கிறது.

அரை நட்சத்திரம் குறைத்தது மாடிப்படிக்கு. செங்குத்து, கைப்பிடி கிடையாது. வயசான அம்மாமார்தான் மகன்களுக்காக அதில் ஏறி வருகிறார்கள். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும், இன்வெர்ட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூட அட்மிஷன் கூட்டத்தில் போகாதீர்கள். ஞாயிறு லீவு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் போனால் கடை காலியாக இருக்கும். ஆதார் ஒரிஜினலும், உள்ளே இருப்பவரின் அப்பா பெயர் சிறைப் பதிவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் ஒரு சீட்டில் எழுதியும் கொண்டுபோங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அக்கா முதலிலிருந்து அடிப்பார், அதற்கு நன்றாகத் திட்டவும் செய்வார்.