பிரெட் வெட்டும் மூங்கில் ஜிக்: வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டேன்

கோவை கணபதியில் 31 வருசம் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். பட்டறையை மூடிய பிறகு பொழுது போகாமல் வீட்டில் கோதுமை பிரெட் போட ஆரம்பித்தேன். ஈஸ்ட் பொங்க ஒரு ஸ்பூன் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகுமே, அதேதான். பிரெட் நன்றாகவே வந்தது. வெட்டுவதுதான் வரவில்லை. ஒரு துண்டை அளந்து பார்த்தேன்: மேலே 9 எம்எம், கீழே 20. “ஏனுங்க, இது பிரெட்டா, கதவுக்கு வைக்கிற ஆப்பா?” என்றாள் வீட்டுக்காரி. தடித்த பக்கம் டோஸ்டருக்குள் இறங்காது, மெலிந்த பக்கம் கருகிப்போகும்.

அப்புறம்தான் ஆன்லைனில் இந்த மூங்கில் சாமானை 749 ரூபாய்க்கு வாங்கினேன். அடியில் ஒரு பலகை, இரண்டு பக்கமும் காடி (கத்தி இறங்கும் பள்ளம்) வெட்டிய சுவர், பின்னால் பிரெட்டை முட்டுக் கொடுக்க ஒரு தடுப்பு. வேலை முடிந்தால் மடித்து வைத்துக்கொள்ளலாம். டிரில் சரியான இடத்தில் இறங்க வழிகாட்டும் சட்டம் ஒன்று, ஜிக் என்று பட்டறையில் செய்வோமே, அதே சங்கதிதான்.

வந்த அன்றே நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை எடுத்துவிட்டேன். காடிக்குக் காடி 13 எம்எம், எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. அதுவரை சந்தோசம். ஆனால் காடியின் அகலம் 4 எம்எம். என் பல் கத்தியின் தடிமன் 1.6. மிச்சம் 2.4 எம்எம் பிளே, அதாவது கத்தி ஆடுகிற இடைவெளி! பட்டறையில் இப்படி ஒரு ஜிக் செய்து கொடுத்திருந்தால் பார்ட்டி அதை என் தலையிலேயே போட்டிருப்பார். கத்தி காடிக்குள் சாய்ந்துகொண்டே இறங்கும், துண்டு மறுபடி ஆப்புதான். முதல் பிரெட் அப்படித்தான் போனது.

வழி இருக்கிறது. கத்தியை எப்போதும் காடியின் ஒரே பக்கச் சுவரில் அணைத்தபடி இறக்க வேண்டும். நான் வலது பக்கம் அணைப்பேன். எல்லாத் துண்டுக்கும் அதே பக்கம் என்றால் பிளே எவ்வளவு இருந்தாலும் கணக்குத் தப்பாது. இரண்டாவது பிரெட்டில் எட்டு துண்டுகளை அளந்தேன், ஒன்றுக்கொன்று 1 எம்எம்முக்கு மேல் வித்தியாசம் இல்லை. கையை அமுக்காமல், ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் போதும்.

இன்னொரு குறை, எந்த சைஸ் பிரெட்டுக்கும் பொருந்தும் என்று விற்றவர்கள் போட்டிருந்தது. சுவர்களுக்கு நடுவே 125 எம்எம்தான். என் டின் 4 அங்குலம், ஆனால் வீட்டு பிரெட் டின்னுக்கு மேலே காளான் குடை மாதிரி விரிந்துவிடும். அது உள்ளே போகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், போய்விட்டது. இதில் ஒரு லாபமும் உண்டு: மெத்தென்ற மேல்பக்கத்தில் கத்தி முதலில் அழுந்தாததால் பிரெட் நசுங்குவதில்லை.

கத்தி நீளத்தையும் கவனியுங்கள். என்னுடையது 8 அங்குலம், அதாவது 200 எம்எம். இரண்டு சுவரையும் சேர்த்துத் தாண்டவே 150 போய்விடுகிறது, இழுக்க மிச்சம் 50தான். கொஞ்சம் கூட இழுத்தால் நுனி காடியை விட்டு வெளியே வந்துவிடும்.

சூடான பிரெட்டை இதில் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே ஆவி அடங்கி மாவு இறுகும் முன் வெட்டினால் கத்தியில் களி மாதிரி ஒட்டும், அதற்கு எந்த ஜிக்கும் உதவாது. நான் இரண்டு மணி நேரம் கம்பித் தட்டில் ஆறவிடுகிறேன். கழுவும் விசயத்திலும் சூடுபட்டேன். குழாயடியில் கழுவியதில் மூங்கில் ஊறி, கீல் இரண்டு நாள் மடங்கவில்லை. இப்போது பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டு ஈரத்துணியில் துடைப்பதோடு சரி.

கடைசி இரண்டு அங்குலம் மட்டும் இதில் நிற்காமல் உருளும். அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். தடியாகத்தான் வரும். பேத்தி “அப்புச்சி, எனக்கு அந்த குண்டு பீஸ்” என்று அதில் ஊத்துக்குளி வெண்ணெயைத் தடவி எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். காடி 2 எம்எம் இருந்திருந்தால் நாலரை. அடுத்தது 10 அங்குலக் கத்தி ஒன்று வாங்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.