முன்பற்களுக்கு எது பொருந்தும்: வெண்மையாக்கலா, கொம்பசிற்றா, வெனீரா?

கல்யாணத்துக்கு நாள் வைத்தவர்களும், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வருபவர்களும் முன்பற்களைச் சீராக்க நினைத்தால், அவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்லப்படும்: பல்லை வெண்மையாக்குதல், பல் நிறப் பிசினான கொம்பசிற் வைத்தல், பல்லின் முன்பக்கத்தில் வெனீர் எனும் மெல்லிய ஓட்டை ஒட்டுதல். இவற்றை விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதை விட, பல்லிலிருந்து எவ்வளவு செதுக்கப்படும், செதுக்கியது திரும்புமா என்று முதலில் கேட்பதே முறை.

தேநீர், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றால் பல்லின் மேற்பரப்பில் ஏறிய கறைக்கு இம்மூன்றுமே தேவைப்படாமல் போகலாம். பற்காறையை அகற்றிச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கே போதுமானதாக இருக்கும்; அதை அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில், காத்திருக்கப் பொறுமையிருந்தால், இலவசமாகச் செய்துகொள்ளலாம். முரசில் இரத்தம் கசிபவர்களும் சூத்தைப்பல் உள்ளவர்களும் அழகுச் சிகிச்சைக்கு முன் அவற்றையே கவனிக்க வேண்டும்.

வெண்மையாக்கலில் பெரொட்சைட்டு கலந்த ஜெல் பயன்படுகிறது. பல்லின் அளவுக்குச் செய்த தட்டில் அதை இட்டு வீட்டில் இரண்டு வாரமளவில் அணியலாம். அல்லது செறிவு கூடிய ஜெல்லைக் கிளினிக்கில் ஓரிரு அமர்வுகளில் பூசுவார்கள். பல் செதுக்கப்படுவதில்லை, சில நாள் கூச்சம் இருக்கும். ஆனால் ஏற்கனவே வைத்த அடைப்போ, பல்லை முழுதாக மூடும் உறையான கிரவுனோ நிறம் மாறாது. வவுனியா போன்ற இடங்களில் கிணற்று நீரின் மிகையான புளோரைட்டால் சிறுவயதில் உண்டான திட்டுகளும் முழுமையாக மறைவதில்லை.

உடைந்த முனைக்கும் பல் இடைவெளிக்கும் போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். கொம்பசிற் என்பது பல்லின் நிறத்திலுள்ள பிசினை அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளியால் இறுக்கி, மெருகேற்றுவது. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும், பல்லின் கடினமான மேற்படையான எனாமலை அதிகம் தொடாது, உடைந்தால் அதே இடத்தில் திருத்தலாம். குறை என்னவென்றால், சில வருடங்களில் நிறம் மங்கும், ஓரம் தெறிக்கும். போர்சலின் வெனீர் கறைபிடிப்பது குறைவு; நன்றாகச் செய்தால் பத்து வருடங்களுக்கு மேலும் நிற்கும். அதற்காகப் பொதுவாக அரை மில்லிமீற்றர் அளவில் எனாமல் செதுக்கப்படுகிறது, அது மீண்டும் வளராது, ஆகவே வெனீர் பழுதானால் இன்னொரு வெனீரோ கிரவுனோதான் வழி. இருபதுகளில் உள்ள ஒருவருக்கு ஒரு சிறிய இடைவெளிக்காக ஆறு பல்லுக்கு வெனீர் சொல்லப்பட்டால், இரண்டாவது வைத்தியரிடமும் அபிப்பிராயம் கேட்பதே நல்லது. பற்கள் கோணலாக இருப்பவர்களுக்கோ கம்பி போடுவதுதான் நேரிய வழி. அதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் செல்லும் என்பதால் கல்யாண அவசரத்தில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள்.

வெண்மையாக்கலும் கொம்பசிற்றும் இரண்டுமே தேவையென்றால் வெண்மையாக்கலை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டுப் பிசினை வைக்க வேண்டும். உடனே வைத்தால் பிடிப்புக் குறையும், நிறமும் பொருந்தாது. நிறம் தெரிவு செய்யும்போது ஏ1, ஏ2 என்று இலக்கமிட்ட மாதிரிப் பற்களைப் பல்லோடு வைத்துப் பார்ப்பார்கள். அதைத் தொடக்கத்திலேயே, யன்னல் வெளிச்சத்தில் செய்யச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடி இருக்க இருக்கப் பல் உலர்ந்து உள்ளதை விட வெள்ளையாகத் தோன்றும்.

வைத்தியரைத் தெரிவு செய்வதில், யாழ். போதனா வைத்தியசாலையைச் சுற்றியுள்ள கிளினிக்குகளானாலும் ஊர்ப்புறத்தவையானாலும், அளவுகோல் ஒன்றுதான். இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டா, கருவிகள் முத்திரையிட்ட பையிலிருந்து கண்முன்னே எடுக்கப்படுகின்றனவா, தாம் செய்த பல்லின் முன்னைய, பின்னைய படங்களைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். மூன்று வார விடுமுறையில் வருபவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வெனீர் ஆய்வுகூடத்திலிருந்து வந்து, ஒட்டி, கடியைச் சரிபார்த்து முடிக்க அந்த நாட்கள் போதுமா? போதாதென்றால் கொம்பசிற்றோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. அதைத் திருத்த எந்த நாட்டுப் பல் வைத்தியராலும் முடியும்.