கூட்டமா, குழுவா, பேரேடா, ஆளா? மேலாண்மை மாணவர் சங்கங்கள் ஒன்றிடம் ஒன்று கற்கும் நான்கு வழிகள்

காரைக்குடி வட்டாரக் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. படித்தபோது துறைச் சங்கத்துக்கு நான் செயலாளர். பொறுப்பேற்ற அன்று என் கைக்கு வந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் பாதி தீர்ந்த ரசீதுப் புத்தகமும். எந்தக் கடைக்காரர் விளம்பரம் கொடுப்பார், அரங்கத்துக்கு யாரிடம் கடிதம் கொடுக்க வேண்டும், மைக்செட் வாடகை எவ்வளவு என்பதெல்லாம் முந்தைய செயலாளரின் தலைக்குள் இருந்தன. அவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு நாங்கள் நடத்திய கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி விழாவில் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு இல்லாமல் போயிற்று. விருந்துக்குப் பேர்போன செட்டிநாட்டில், வெளியூர்ப் பிள்ளைகள் வெறும் தட்டோடு வரிசையில் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு கல்லூரியில் அதே மாதம் அதே அளவு கூட்டத்துக்குச் சாப்பாடு சரியாக இருந்தது. அந்த வித்தை எங்களுக்கு ஏன் வந்து சேரவில்லை? அன்று தொடங்கிய கேள்வி இது. படிப்பு முடிந்த பிறகும் இந்தப் பக்கத்துச் சங்கங்களோடு தொடர்பில் இருப்பதால், ஒருவர் நடைமுறையை மற்றவர் கற்றுக்கொள்ள இவர்கள் முயன்ற நான்கு வழிகளையும் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: சாப்பாட்டுக் கணக்கு போன்ற ஒரு சின்ன, உயிரான விஷயம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தால், அடுத்த ஆண்டும் இருந்ததா?

முதலில் காலக்கணக்கு. எம்.பி.ஏ. நான்கு பருவம். முதல் பருவம் பழகுவதற்கே போய்விடும். இரண்டாம் பருவம் முடிந்ததும் நிறுவனப் பயிற்சி. நான்காம் பருவத்தில் புராஜெக்டும் வேலை நேர்காணலும். மூன்றாம் பருவத்தை ஒட்டிய ஐந்தாறு மாதம்தான் ஒருவர் உண்மையில் பொறுப்பில் இருக்கிறார். மாணவர் பேரவைத் தேர்தலுக்கு 2006இல் வந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளும், ஒருவர் நிர்வாகி பதவிக்கு ஒருமுறைதான் போட்டியிடலாம் என்கின்றன. துறைச் சங்கங்களில் பெரும்பாலும் நியமனம்தான் என்றாலும் நிலைமை ஒன்றே. கற்றவர் போய்விடுவார், கல்லாதவர் வருவார்.

ஆண்டுக் கூட்டம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆறேழு கல்லூரிகளின் தலைவர்களும் செயலாளர்களும் ஒரு நாள் கூடுவது, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் திரையில் படம் காட்டிப் பேசுவது. 1947இல் அழகப்பச் செட்டியார் கலைக் கல்லூரி தொடங்கியதிலிருந்து காரைக்குடி கல்லூரி ஊர். 1985இல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து கூடுவது இங்கே கடினமான காரியம் இல்லை.

நான் போன கூட்டத்தில், சாப்பாட்டைச் சரியாக நடத்திய அந்தக் கல்லூரியும் பேசியது. ‘விருந்தோம்பல் சிறப்பாக அமைந்தது’ என்று ஒரு வரி, இலை போட்ட பந்தியின் படம் ஒன்று. அவ்வளவுதான். யாரும் மறைக்கவில்லை. முன்வரிசையில் பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கும்போது எந்த மாணவரும் தன் சங்கத்தின் நல்ல பக்கத்தைத்தான் காட்டுவார். அதே ஜவுளிக்கடையிடமும் அதே நகைக்கடையிடமும் விளம்பரம் கேட்டுப் போகப்போகிற போட்டியாளர்கள் எதிரே இருக்கும்போது, எவ்வளவு கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்று சொல்லவும் மாட்டார்.

இன்னொரு குறை. கூட்டத்துக்குப் பெரிய நிறுவனங்களிலிருந்து விருந்தினரை அழைப்பார்கள். திருச்சியில் 1984 முதல் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. 2011இல் இந்திய மேலாண்மைக் கழகமும் வந்தது. அங்கே விடுதியிலேயே தங்கிப் படிக்கும் மாணவர்கள் இரவு பத்து மணிக்குக் குழுக் கூட்டம் போடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் புதுவயலிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்துபோகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அங்கே நல்ல நடைமுறையாக இருப்பது இங்கே நடக்கவே முடியாத நடைமுறை. எந்த நிலையில் அது நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கேட்பவருக்குப் பயன் இல்லை.

கூட்டத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முகம் பழகுகிறது. பிறகு போனில் கூப்பிடும்போது கூச்சம் இருப்பதில்லை. உருப்படியான பேச்சு எல்லாம் மதிய உணவு நேரத்தில், கை கழுவும் இடத்தில் நடந்தது.

வாட்ஸ்அப் குழு

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. காலையில் புரொஜெக்டர் பழுதானால் பத்து நிமிடத்தில் இன்னொரு கல்லூரியிலிருந்து ஒன்று கிளம்பிவிடும். ஆனால் சாப்பாட்டுக் கணக்கைப் பற்றி நான் குழுவில் கேட்டபோது வந்த பதில்: ‘பத்து சதவீதம் கூடச் சொல்லுங்கள்.’ பதில் தவறில்லை. அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. 1,024 பேர் வரை ஒரு குழுவில் இருக்கலாம். முப்பது பேர் இருந்த எங்கள் குழுவிலேயே பண்டிகை வாழ்த்துகளுக்கு இடையில் அந்தப் பதிலை மறுபடி தேடி எடுக்க முடியவில்லை. பொறுப்பு மாறும்போது பழையவர்கள் வெளியேறுவார்கள், புதியவர்கள் புதுக் குழு தொடங்குவார்கள். நினைவு அதோடு போயிற்று.

பேரேடு

செட்டிநாட்டுக்காரருக்கு எழுதி வைப்பதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), அன்றாடக் குறிப்பு எழுதி, அதைப் பேரேடு என்னும் கணக்குப் புத்தகத்தில் ஏற்றி, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை போட்டுத்தான் கடல் கடந்த தொழிலை நடத்தினார்கள். ஏஜெண்டு மூன்று ஆண்டுத் தவணையில் போவார், திரும்புவார். ஆள் மாறினாலும் கடை நின்றுவிடாது. ஆண்டுதோறும் ஆள் மாறும் மாணவர் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பின் வந்த செயலாளர் ஒரு நீள நோட்டு போட்டார். அட்டையில் சங்கத்தின் முத்திரை. உள்ளே இடது பக்கம் பில்கள் ஒட்டப்பட்டிருந்தன, வலது பக்கம் அவருடைய கையெழுத்து. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: ‘மைக்செட். மாலை 6 மணியைத் தாண்டினால் இரவு வாடகை சேரும். பரிசளிப்பு இழுத்துவிட்டது. அடுத்த முறை சிறப்பு விருந்தினர் உரையை முற்பகலுக்குக் கொண்டுபோக வேண்டும்.’ இதில் பணக்கணக்கு, நடந்தது, காரணம், அடுத்து செய்ய வேண்டியது என நான்கும் இருக்கின்றன. அமெரிக்க ராணுவம் 1970களிலிருந்து பயிற்சி முடிந்ததும் கேட்டுவரும் கேள்விகளும் ஏறத்தாழ இவைதான்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம். மேலாண்மை வகுப்பில் படிக்கும் பாடத்தைச் சங்க நோட்டில் எழுத நமக்குத் தோன்றுவதில்லை.

நோட்டைக் கணினியில் ஏற்றுவதும் நல்லதே. ஆனால் ஒரு மாணவரின் சொந்தக் கணக்கில் ஏற்றினால் அவர் போனதும் கோப்பும் போய்விடும். துறையின் பெயரில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைத் துறை அலுவலகத்தில் வைக்க வேண்டும்.

பேரேட்டின் குறை எங்கே இருக்கிறது? எழுதுகிறவர், தனக்கு முக்கியம் என்று தோன்றியதைத்தான் எழுதுவார். எங்கள் நோட்டில் சாப்பாட்டைப் பற்றி இருந்த வரி: ‘உணவு கூடுதலாகச் சொல்லவும்.’ எவ்வளவு கூடுதல், எப்போது சொல்வது, மீந்தால் யாருக்குக் கொடுப்பது? ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு கூடுதலாகச் சொன்னார்கள், எழுபது சாப்பாடு மீந்தது.

அடுத்து, நோட்டை மற்ற கல்லூரியிடம் காட்டலாமா? இதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கி என்ற ஒரே நீளக் கூடத்தில் நகரத்தாரின் பல வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. ஒருவருக்கு ஒருவர் போட்டி. ஆனாலும் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியைச் சேர்ந்து முடிவு செய்தார்கள். வட்டி பொது. யாருக்கு எவ்வளவு கடன் என்ற பேரேடு அவரவருடையது. மாணவர் சங்கத்துக்கும் இந்தக் கோடு சரியாகப் பொருந்துகிறது என்பது என் முடிவு. மைக்செட் வாடகை, அரங்க விதி, சாப்பாட்டுக் கணக்கு, தவறிப்போன நிகழ்ச்சி ஆகியவை எல்லாருக்கும் பொது. எந்தக் கடை எவ்வளவு விளம்பரம் தந்தது என்பது கொடுத்தவரின் நம்பிக்கை சார்ந்தது. அது உள்ளேயே இருக்கட்டும். இந்தக் கோட்டை முதலிலேயே போட்டுவிட்டால் மற்றவற்றைச் சொல்லும் தயக்கம் குறைகிறது.

ஆள் அனுப்புதல்

நான்காவது வழி, விழா நடக்கும்போது இன்னொரு கல்லூரிக்கு நம் சங்கத்திலிருந்து இருவரை அனுப்பி, அங்கே அவர்களோடு வேலை செய்ய வைப்பது. விருந்தாளியாகப் போகக் கூடாது, போட்டியாளராகவும் போகக் கூடாது. நாற்காலி போட, பெயர் பதிய, பந்தி பரிமாறப் போக வேண்டும்.

சாப்பாட்டைச் சரியாக நடத்திய அந்தக் கல்லூரிக்கே, எங்கள் துறையிலிருந்து முதலாண்டு மாணவிகள் இருவர் ஒருமுறை போனார்கள். பதிவு மேசையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் டோக்கன்: தேநீருக்கு மஞ்சள், சாப்பாட்டுக்குப் பச்சை. பச்சை டோக்கனின் அடிக்கட்டையை மேசைக்குப் பொறுப்பான இரண்டாமாண்டு மாணவி ஒரு நூலில் கோத்துக்கொண்டே வந்தாள். பத்தே முக்காலுக்குப் பதிவை மூடினார்கள். அவள் நூலை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சமையல்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, 210 இலை. இனிமேல் சாதம் வடிக்கலாம்.”

விஷயம் இதற்குள் இருக்கிறது. குழம்பும் கூட்டும் பொரியலும் உத்தேசக் கணக்குக்குக் காலையிலேயே தயார். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரிமாறும் கரண்டியில் சரிக்கட்டிவிடலாம். சாதத்தில் அப்படி முடியாது. ஆனால் சாதம் கடைசியில் வடிப்பது, ஒரு மணி நேரத்தில் ஆகிவிடும். ஆகவே அரிசியை மட்டும் உலையில் போடாமல், எண்ணிக்கை வரும்வரை காத்திருக்கிறார்கள். பதிவை மூடும் நேரத்தைச் சமையல்கட்டு தீர்மானிக்கிறது. எங்கள் கல்லூரியில் மதியம் பன்னிரண்டு வரை பதிவைத் திறந்து வைத்திருந்தோம்.

“அக்கா, இதை நீங்கள் அந்தக் கூட்டத்தில் சொல்லவே இல்லையே?” என்று எங்கள் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

“இதில் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் அப்பத்தா வீட்டு விசேஷத்தில் இப்படித்தான் செய்வார்கள்.”

இந்தப் பதிலைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் எண்ணம் உறுதியாகிவிட்டது. நன்றாக நடக்கும் சங்கத்தின் ஆகச் சிறந்த நடைமுறை, அதைச் செய்கிறவருக்கே நடைமுறையாகத் தெரிவதில்லை. தெரியாத ஒன்றை மேடையில் எப்படிச் சொல்வார், நோட்டில் எப்படி எழுதுவார்? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வெளியாள்தான் அதைப் பிடிக்க முடியும். கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாக உயர்ந்து, பிறகே கடையை நடத்தும் மேலாளான நகரத்தார் தொழிற்பயிற்சியும் இப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்துத் தேறியதுதான்.

செலவு இரண்டு பஸ் டிக்கெட். சாப்பாடு அங்கேயே.

சிக்கல்கள் உண்டு, அவை சின்னவை அல்ல. வருகைப்பதிவு முதல் சிக்கல். துறைத்தலைவர் ஓ.டி. (‘ஆன் டூட்டி’, வகுப்பில் இல்லாவிட்டாலும் வந்ததாகக் கணக்கு) கொடுக்க வேண்டும். பரிசு வாங்கப் போனால் தரும் ஓ.டி.யை, நாற்காலி போடப் போனால் தரத் தயங்குகிறார்கள். இரு துறைத்தலைவர்களும் முன்கூட்டிக் கடிதம் மாற்றிக்கொண்டால் இது தீரும். மாலை பஸ் இரண்டாவது. அதனால்தான் இருவராக, அருகில் உள்ள கல்லூரிக்கு அனுப்பச் சொல்கிறேன். வேவு பார்க்க வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகமும் எழும். பதிலுக்கு அவர்கள் பிள்ளைகளையும் நம் விழாவுக்குக் கூப்பிட்டால் அது போய்விடும்.

முதலாண்டு மாணவர்களையே அனுப்ப வேண்டும். இரண்டாமாண்டுச் செயலாளர் போய்ப் பார்த்தால், பார்த்ததைப் பயன்படுத்த அவருக்கு அடுத்த விழா கிடையாது.

இந்த வழியின் பெரிய குறை, கற்றது இரண்டே தலைகளில் தங்குவது. அந்த மாணவிகள் அன்றிரவே நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். நூலில் கோத்த டோக்கன் படத்தையும் வரைந்து வைத்தார்கள். அதனால்தான் அவர்களுக்கு அடுத்த அணியின் விழாவிலும் பச்சை டோக்கன் இருந்தது, சாப்பாடும் சரியாக இருந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு வழிக்குத்தான் நேரம் உண்டு என்றால் ஆளை அனுப்புங்கள், அன்றிரவே எழுத வையுங்கள். இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. கூட்டம் வேண்டுமானால் பருவத் தொடக்கத்தில் அரை நாள் போதும். பேராசிரியர்கள் வாழ்த்திவிட்டுப் போகட்டும். அதன் பிறகு ஒவ்வொரு கல்லூரியும், தான் நடத்திச் சரியாக வராத நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லட்டும். எங்கள் அறுபது சாப்பாட்டை நான் முதலில் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழு இருக்கிறபடி இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது. போன ஆண்டு மூன்று கல்லூரிகளின் விழா ஒரே வெள்ளிக்கிழமையில் வந்தது. யாரும் யாரிடமும் ஆள் அனுப்ப முடியவில்லை. ஆகஸ்டு மாதத்துக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்தை நாட்காட்டிக்கு ஒதுக்கி, தேதிகளை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.