700 ரூபாய் அகராதியில் எங்கள் ஊர் மாங்காய்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் போன மாதம் ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி கிடைத்தது. 1973ஆம் வருடப் பதிப்பு, இரண்டு தொகுதி. கடைக்காரர் முதலில் எடைக்குப் போடத் தராசில்தான் வைத்தார். நான் ஆசையாகப் புரட்டுவதைப் பார்த்ததும் கீழே இறக்கி, "700 கொடுங்க சார்" என்றார். முகத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கலாம்.

எனக்கு வேலை மாங்கூழ் ஆலையில், ஏற்றுமதிக் கடிதம் எழுதுவது. அதனால் முதலில் தேடியது மேங்கோவைத்தான். நம் மாங்காய்தான் போர்த்துகீசியர் வாயில் மாங்கா ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் மேங்கோ ஆனது. இது பலருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தக் காலத்துக் கப்பல் பயணத்தில் பழம் தாங்காது. ஊறுகாய் போட்ட காய்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பழத்தையே பார்க்காத ஜனங்கள் மேங்கோ என்றால் ஊறுகாய் என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளரி, முலாம்பழம் என்று எதை ஊறப்போட்டாலும் மேங்கோதான். ஊறுகாய் போடுவதற்கே அது வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஒஹையோ, இண்டியானா பக்கம் குடைமிளகாய்க்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அடுத்து மெயில். ஆதியில் அதற்குப் பை என்று பொருள். அப்புறம் கடிதம் போட்ட பை, அப்புறம் பைக்குள் இருக்கும் கடிதம், கடைசியில் அதைச் சுமக்கும் வண்டி. நாமும் மங்களூர் மெயில் என்கிறோமே, அதுதான். இப்போது பையும் இல்லை, காகிதமும் இல்லை; நான் தினம் நாற்பது மெயில் போடுகிறேன்.

இந்த அகராதியின் குணமும் சிக்கலும் ஒன்றேதான்: பழைய பொருளை முதலில் போடும், இன்றைய பொருள் பின்னால் வரும். பதினொன்றாவது படிக்கும் மகள் நைஸ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, முட்டாள்னு போட்டிருக்கு! என் ஃப்ரெண்டுகிட்ட தினமும் இதைத்தானே சொல்றேன்?" பக்கத்தில் இருந்த குத்துவாள் குறியை அவள் கவனிக்கவில்லை. வழக்கொழிந்த பொருளுக்கு அந்த அடையாளம். தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் உரியவன், தலைவன். இன்று தெருவில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டுப் பார் என்றேன். புரிந்துகொண்டாள்.

சில்லியும் அப்படித்தான். ஒரு காலத்தில் பாக்கியசாலியைக் குறித்த சொல் அது; அப்பாவி, பாவம் என்று படிப்படியாக இறங்கி இன்று அசடு.

எழுத்து பொடி, கண்ணாடி போட்டும் விளக்கடியில்தான் படிக்க முடிகிறது. 1973 என்பதால் மவுஸ் இன்னும் எலியாகத்தான் இருக்கிறது. அவசரமாக ஒரு கடிதத்துக்குச் சொல் தேட இது ஆகாது, அதற்கு போனே போதும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தால் பதினொரு மணி ஆவது தெரியாது.

வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். முதல் தொகுதி எம் எழுத்தின் பாதியிலேயே முடிந்துவிடும். மேங்கோவும் மெயிலும் அதில், நைஸும் சில்லியும் இரண்டாவதில். ஒற்றைத் தொகுதியைத் தலையில் கட்டப் பார்த்தால் விலையைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.